எஞ்சினுக்கும் ஒரு சும்மாடு வேண்டும்: சிறிய டிரக்கில் எஞ்சின் மாற்றுவோருக்கு மவுண்ட் பற்றிய எளிய விளக்கம்

பழைய பிக்கப் வண்டியில் வேறு எஞ்சின் வைக்க நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசினால், குதிரைத்திறனைப் பற்றியே ஒரு மணி நேரம் போகும். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் பேச்சில் வரும். எஞ்சினை எதன் மேல் உட்கார வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: "தடிமனான தகடாகப் பார்த்து வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும்." சிலர், ரப்பரே வேண்டாம், இறுகப் பிடித்தால்தான் பலம் என்பார்கள். வேறு சிலர் கடையில் ஒரு மவுண்ட் செட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்றபடி எஞ்சினை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

மவுண்ட் என்ன வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரியாததால்தான் இவ்வளவு குழப்பமும். அதைத் தெரிந்துகொண்டால், எதை வாங்குவது, எதைச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதெல்லாம் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

சும்மாடு சொல்லும் பாடம்

தலையில் குடம் சுமப்பவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்போம். அந்தத் துணிச் சுருள் குடத்தின் பாரத்தில் ஒரு கிராமைக்கூடக் குறைப்பதில்லை. ஆனால் பாரம் ஒரே புள்ளியில் குத்தாமல் பரவுகிறது, நடக்கும்போது எழும் குலுக்கல் தலைக்குள் இறங்காமல் தணிகிறது, உருண்டையான குடம் நழுவாமல் நிற்கிறது. சும்மாடு கல்லாக இருந்தால் தலை வலிக்கும். பஞ்சுப் பொதியாக இருந்தால் குடம் சாயும்.

எஞ்சின் மவுண்டும் அப்படிப்பட்டதுதான். எஞ்சினுக்கும் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும் இடையில் நின்று, எஞ்சினைத் தாங்கியும் பிடித்தும் அதன் அதிர்வைத் தணித்தும் நிற்கும் பொருளுக்கு மவுண்ட் என்று பெயர். பட்டறைகளில் மவுண்டிங் என்றும் மவுண்டிங் ரப்பர் என்றும் சொல்வார்கள். பொதுவாக இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பரை வைத்து, சூட்டில் இரும்போடு ஒட்டவைத்துச் செய்வார்கள். ஒரு பக்கம் எஞ்சினோடு போல்ட் ஆகும். மறுபக்கம் சேஸிஸிலுள்ள ஒரு தாங்கியில் அமரும்.

ஆக, அதற்கு மூன்று வேலைகள்: எடையைத் தாங்குவது, எஞ்சின் முறுக்கிக்கொண்டு திரும்பாமல் பிடிப்பது, அதிர்வை வண்டிக்குள் போகவிடாமல் தடுப்பது. இவற்றில் எடை தாங்குவதுதான் மிக எளிது. எல்லோரும் அதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

எடையும் மூன்று கல் அடுப்பும்

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைக்கப்பட்டு ஒரே உடலாகிவிடுகின்றன. சிறிய டிரக்குகளில் இந்த உடலைப் பெரும்பாலும் மூன்று இடங்களில் தாங்குவார்கள். எஞ்சினின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் கியர்பாக்ஸின் வாலடியில் ஒன்று.

ஏன் நான்கு இல்லை? வயல் வரப்பில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுபவருக்கு இது தெரியும். தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கல் மேல் வைத்த பானை ஆடாது. நான்காவதாக ஒரு கல்லை வைத்தால் ஏதாவது ஒரு கல் எப்போதும் தூக்கலாகவோ தாழ்வாகவோ இருக்கும். டிரக்கின் சேஸிஸும் அப்படிப்பட்ட தரைதான். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது நீளமான அந்த இரும்பு ஏணி முறுக்கிக்கொள்கிறது. மூன்று புள்ளியில் அமர்ந்த எஞ்சினுக்கு அந்த முறுக்கல் அதிகம் எட்டாது. நான்கு மூலையிலும் இறுகப் பிடித்த எஞ்சினோ சேஸிஸோடு சேர்ந்து முறுகவேண்டியிருக்கும். வார்ப்பு இரும்பும் அலுமினியமும் அப்படி வளைந்து கொடுக்கும் பொருள்கள் அல்ல, விரிசல் விடும்.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று. மொத்தத்தை மூன்றால் வகுத்துக்கொள்ளக் கூடாது. பாரத்தின் பெரும்பகுதி எஞ்சினில்தான் இருக்கிறது. முன் மவுண்டுகள் இரண்டும் அதைச் சுமக்கின்றன. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோ என்றால், முன்னால் ஒவ்வொன்றும் 70 கிலோ, பின்னால் 60 கிலோ என்பது போல ஒரு பங்கீடு இருக்கலாம். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் கியர்பாக்ஸ் பூட்டிய எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, எந்தப் புள்ளியில் சமநிலையாக நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

முறுக்கு: மவுண்டை உடைப்பது இதுதான்

சுவரில் துளையிடும் மின்கருவியைப் பிடித்திருக்கிறீர்களா? துளையிடும் முனை கம்பியில் சிக்கினால், முனை நின்றுவிடும். கருவியின் உடல் எதிர்த் திசையில் சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். எஞ்சினும் ஒரு சுழற்சியை வெளியே தள்ளும்போது, அதே அளவு முறுக்கு அதன் உடலை எதிர்த் திசையில் திருப்பப் பார்க்கும். அந்த இடத்தில் உங்கள் மணிக்கட்டு செய்யும் வேலையைத்தான் வண்டியில் மவுண்ட் செய்கிறது. திருப்பும் விசைக்கு முறுக்குவிசை என்று பெயர். அதை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள்.

விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. எஞ்சினின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, மவுண்ட் தாங்க வேண்டியதும் 200தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டிய ஒரே உடல் என்று மேலே பார்த்தோம். அந்த உடலிலிருந்து வெளியே போகும் முறுக்கு, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் போகிறது. அங்கே போகும்போது அது கியரால் பெருக்கப்பட்டிருக்கிறது. கடப்பாரையை நீளமாகப் பிடித்தால் சின்னக் கை பெரிய கல்லைப் புரட்டுவது போல, முதல் கியர் முறுக்கை மூன்று நான்கு மடங்காக்குகிறது. முதல் கியரின் விகிதம் 4 என்றால், ஷாஃப்டில் போவது 800 நியூட்டன் மீட்டர். மவுண்டுகள் எதிர்த்து நிற்க வேண்டியதும் அந்த 800தான்.

இதை எடையாக மாற்றிப் பார்க்கலாம். இடது, வலது மவுண்டுகளுக்கு இடையே அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800ஐ 0.5ஆல் வகுத்தால் 1,600 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 160 கிலோ எடைக்குச் சமமான விசை. ஒரு பக்கத்தை அது கீழே அழுத்துகிறது. மறுபக்கத்தை மேலே தூக்குகிறது. நின்ற நிலையில் 70 கிலோ சுமந்துகொண்டிருந்த மவுண்டுகளில் ஒன்று இப்போது 230 கிலோ சுமக்கிறது. மற்றதன் மேல் சுமையே இல்லை. அதை 90 கிலோ விசை மேல்நோக்கிப் பிய்த்து இழுக்கிறது.

டயர் வழுக்கினால் இந்த எண்கள் குறையும். கிளட்சைச் சட்டென்று விட்டால் அந்த அதிர்ச்சியில் ஒரு கணம் கூடவும் கூடும். பாரம் ஏற்றிய வண்டியில் டயர் வழுக்காது என்பதால், மவுண்ட் அதிகம் சோதிக்கப்படுவது பந்தயத்தில் அல்ல, மேட்டில் சுமையோடு புறப்படும்போதுதான்.

பெரும்பாலான எஞ்சின்கள், வண்டியின் முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கின்றன. அதனால் எஞ்சின் உடல் எதிர்த் திசையில் சாயப் பார்க்கும். வண்டியின் இடப்பக்கம் மேலே எழும். இழுபட்டுக் கிழிவதும் பெரும்பாலும் அந்த இடது மவுண்டுதான். ரப்பரை இரும்போடு ஒட்டிய ஒட்டு, அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1971 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 1965 முதல் 1969 வரையிலான மாடல்களே அவற்றில் பெரும்பகுதி. அவற்றின் மவுண்டில் ரப்பர் ஒட்டு பிரிந்தால் எஞ்சின் ஒரு பக்கமாக மேலே எழுந்து, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்த நிலையிலேயே சிக்கவைத்துவிடும். முறுக்கு கூடக் கூட எஞ்சின் இன்னும் எழும். எழ எழ ஆக்சிலரேட்டர் இன்னும் திறக்கும். அதற்குச் செய்த தீர்வு, எஞ்சின் அளவுக்கு மேல் எழாதபடி பிடித்து நிறுத்தும் ஒரு தடுப்புக் கம்பி. பிற்காலத்து மவுண்டுகளில் இந்தத் தடுப்பு உள்ளேயே வந்துவிட்டது. ரப்பர் முழுவதும் கிழிந்தாலும் இரண்டு இரும்புத் துண்டுகளும் கொக்கி போல ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி வடிவமைக்கிறார்கள்.

புதிதாக மவுண்ட் செய்பவர் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ரப்பர் இல்லையென்று கற்பனை செய்து பாருங்கள். அப்போதும் எஞ்சின் வண்டிக்குள்ளேயே நிற்குமா? நிற்காது என்றால் அந்த வடிவமைப்பை வேலைக்கு எடுக்காதீர்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: எடை நிலையானது, சிறியது. கியரால் பெருகி வரும் முறுக்கு பெரியது. ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்குவது. மவுண்டின் பலம் இரண்டாவதற்காகத்தான்.

அதிர்வு: ஊஞ்சலும் தாளமும்

முறுக்கு மட்டும் இருந்திருந்தால், இறுகப் பிடித்தால் பலம் என்பவர்கள் சொல்வது சரியாகவே இருந்திருக்கும். ரப்பரைத் தேவையாக்குவது அதிர்வு.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. வண்டி நின்றபடி ஓடும்போது நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நொடிக்கு 12.5 சுற்று, அதாவது 25 வெடிப்பு. நொடிக்கு இத்தனை முறை என்ற இந்த எண்ணுக்கு அதிர்வெண் என்று பெயர். ஒவ்வொரு வெடிப்பும் எஞ்சினை ஒரு சிறிய உலுக்கு உலுக்குகிறது.

இன்னொரு பக்கம், ரப்பரின் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் தனக்கென ஒரு தாளம் உண்டு. ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் அது தன் தாளத்தில்தான் ஆடும். நாம் நினைத்த வேகத்தில் ஆடாது. எஞ்சினையும் ஒரு முறை அமுக்கிவிட்டால் அது நொடிக்கு இத்தனை முறை என்று மேலும் கீழும் துள்ளும். அதற்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். ரப்பர் மெத்தென்று இருந்தால் தாளம் மெதுவாகும். விறைப்பாக இருந்தால் வேகமாகும்.

ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போகும். அதன் தாளத்தைவிட மிக வேகமாக, படபடவென்று தட்டினால் ஊஞ்சல் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். ரப்பர் மவுண்டின் ரகசியம் முழுவதும் இதில் இருக்கிறது. எஞ்சினின் வெடிப்புத் தாளம், மவுண்டின் இயல்புத் தாளத்தைவிட மிக வேகமாக இருக்க வேண்டும். குறைந்தது 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் அதிர்வு குறையவே தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால், ரப்பர் அதிர்வைத் தணிப்பதற்குப் பதிலாகப் பெருக்கும். சிலர் புது ரப்பர் வைத்த பிறகு வண்டி முன்னைவிட அதிகமாக நடுங்குகிறது என்று குழம்புவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

மவுண்ட் சரியான அளவுக்கு மெத்தென்று இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. எஞ்சினை இறக்கி வைத்தபோது ரப்பர் எவ்வளவு அமுங்கியது என்று அளக்க வேண்டும். 1 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 16. 2.5 மி.மீ. என்றால் 10. 4 மி.மீ. என்றால் 8. ரப்பர் வேகமான அசைவுக்குச் சற்று விறைப்பாக நடந்துகொள்ளும்; அதனால் உண்மையான எண் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். 25 வெடிப்புத் தாளத்துக்கு 10 நன்றாக ஒத்துவரும். 16 என்பது எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இங்கேதான் பலரும் எதிர்பாராத ஒரு திருப்பம் வருகிறது. பெரிய எஞ்சின்தான் அதிகம் நடுக்கும் என்று நினைக்கிறோம். எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போதே நொடிக்கு 40 முறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினோ 800 சுற்றில் நொடிக்கு 20 முறைதான். மெதுவான தாளத்தைத் தடுக்க இன்னும் மெத்தென்ற மவுண்ட் வேண்டும். ஆக, ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டீசல் வைப்பவருக்குத்தான் கவலை அதிகம். அமெரிக்காவில் சிறிய டிரக்குகளில் விரும்பி ஏற்றப்படும் கம்மின்ஸ் 4பிடி எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், எடை சுமார் 340 கிலோ. அதன் உழைப்பைப் புகழ்பவர்கள் எல்லோரும் நடுக்கத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

வண்டித் தொழில் இந்தப் பாடத்தை 1931இல் கற்றது. அதற்கு முன் பல வண்டிகளில் எஞ்சின் நேராகச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. நான்கு சிலிண்டர் வண்டி என்றாலே பல் கிட்டும். கிரைஸ்லர் நிறுவனம் அந்த ஆண்டு பிளிமத் காரில் 'மிதக்கும் ஆற்றல்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. முன்னால் உயரத்தில் ஒரு ரப்பர், பின்னால் கியர்பாக்ஸ் அடியில் தாழ்வாக ஒரு ரப்பர். இரண்டையும் இணைத்து ஒரு கோடு வரைந்தால் அது எஞ்சினின் எடை மையம் வழியாகப் போகும். எஞ்சின் எந்த அச்சைச் சுற்றி இயல்பாக உருள விரும்புகிறதோ, அந்த அச்சிலேயே அதைத் தாங்கிவிட்டார்கள். அது தன் போக்கில் அசைந்துகொண்டது. வண்டிக்குள் நடுக்கம் வரவில்லை. பக்கவாட்டில் ஒரு வில்பட்டை, அளவுக்கு மேல் உருளாதபடி பிடித்தது. அடுத்த ஆண்டே பிரான்சின் சிட்ரோன் இதற்கு உரிமம் பெற்றது.

நம் வேலைக்கு இதிலிருந்து ஒரு செய்தி உண்டு. பக்க மவுண்டுகளை எஞ்சினின் அடிப்பகுதியில் வைத்தால், மேல்பாரமான எஞ்சின் ஊசலாடும். எடை மையத்தின் உயரத்துக்குப் பக்கமாக வைத்தால் அமைதியாக இருக்கும். சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பு உடலான எஞ்சின் பிளாக்கின் இருபுறமும் மவுண்டுக்கான துளைகளைத் தயாரிப்பாளர் எந்த உயரத்தில் கொடுத்திருக்கிறாரோ, அங்கேயே தாங்குவதுதான் நல்லது. இடம் போதவில்லை என்று கீழே போகாதீர்கள்.

ரப்பரா, பாலியூரித்தேனா, இரும்பா?

ஒரு அழிரப்பரை விரலால் மேலிருந்து அழுத்துங்கள். அவ்வளவு எளிதில் அமுங்காது. அதையே மேசையில் ஒட்டவைத்து மேல்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், எளிதாகச் சாயும். ரப்பர் அழுத்தத்தில் விறைப்பு, பக்கவாட்டுத் தள்ளலில் மென்மை. பல மவுண்டுகள் நேராக நிற்காமல் சாய்வாக, இரண்டும் சேர்ந்து ஒரு வி எழுத்துப் போல நிற்பதற்கு இது ஒரு காரணம். ஒரே ரப்பர் எடையை ஓரளவு விறைப்பாகவும் உருளலை ஓரளவு மென்மையாகவும் வாங்கிக்கொள்கிறது. தட்டையான ரப்பர் துண்டு ஒன்றை வெட்டி அடியில் செருகிவிட்டு மவுண்ட் என்று சொல்வது ஏன் போதாது என்பதும் இதிலிருந்து புரியும்.

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். வண்டியோடு வரும் மவுண்டுகள் பெரும்பாலும் 45 முதல் 60 வரை இருக்கும். பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்தவை 70க்கு மேலிருந்து தொடங்கும். எண்ணெய் பட்டாலும் அது கெடாது. முறுக்கை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நடுக்கத்தை உள்ளே விடும். நாள் முழுதும் ஓட்டும் வண்டிக்கு, அதுவும் நான்கு சிலிண்டர் டீசலுக்கு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏற்கலாம்.

முழு இரும்பு மவுண்ட் பந்தய வண்டிக்கு உரியது. அங்கே எஞ்சினே சட்டத்தின் ஒரு பாகமாகிவிடுகிறது. சாலை வண்டியில் அதைவிட ஆபத்தானது கலப்பு: முன்னால் ரப்பர், பின்னால் கியர்பாக்ஸ் அடியில் இரும்பு. முன்னால் எஞ்சின் உருள முயலும்; பின்னால் கியர்பாக்ஸின் வால் திரும்ப மறுக்கும். முறுக்கு முழுவதும் அந்த அலுமினிய வாலில் போய்ச் சேரும். அதன் காதுகள் உடையும். முன்னால் ரப்பர் என்றால் பின்னாலும் ரப்பர் வைக்க வேண்டும்.

உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டுகள் இக்காலக் கார்களில் உண்டு. அவை அருமையாக வேலை செய்யும். ஆனால் அந்த எஞ்சினின் எடைக்கும் தாளத்துக்கும் என்றே அளந்து செய்யப்பட்டவை. வேறு எஞ்சினுக்குப் பொருத்துவதில் பொருளில்லை.

இடம் முதலில், மவுண்ட் கடைசியில்

அமெரிக்காவில் எஞ்சின் மாற்றத்துக்குப் பேர்போன சிறிய டிரக் செவர்லே எஸ்-10. 1982 மாடல் ஆண்டு முதல் 2004 வரை விற்றது. தொழிற்சாலை அந்தப் பிக்கப்பில் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்ததே இல்லை; அதனால் வைக்க ஆசைப்பட்டவர்கள் ஏராளம். 1988 முதல் அதில் வந்த 4.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 1955இல் பிறந்த 'ஸ்மால் பிளாக்' வி8 (வி வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்) குடும்பத்திலிருந்து இரண்டு சிலிண்டரைக் குறைத்துச் செய்ததுதான். பிளாக்கின் பக்கத்தில் மவுண்டுக்கான மூன்று துளைகளும் அதே முக்கோண அமைப்பு. "துளை ஒத்துவருகிறது, அப்புறம் என்ன" என்று தோன்றும்.

துளை ஒத்துவருவது தொடக்கம் மட்டுமே. அந்தக் குடும்பத்தில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 4.4 அங்குலம். வரிசைக்கு ஒரு சிலிண்டர் கூடினால் எஞ்சின் அந்த அளவுக்கு நீளம் கூடுகிறது. அந்த நீளம் முன்னால் ரேடியேட்டர் பக்கம் போகுமா, பின்னால் எஞ்சின் அறையின் சுவர்ப் பக்கம் போகுமா? பின்னால் போனால் அங்கே நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி, சுவரில் இடிக்கும். கீழே ஆயில் சம்ப், பட்டறைகளில் சேம்பர் என்பார்களே அது, குறுக்குச் சட்டத்தில் மோதலாம். இடப்பக்கம் புகைக்குழாய் ஸ்டீயரிங் தண்டில் உரசலாம். நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் முன் அச்சில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் இடத்துக்குப் போட்டியிடும்.

1997 மாடல் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த எல்எஸ் என்ற புதிய வி8 குடும்ப எஞ்சின்களுக்குப் பக்கத்துக்கு நான்கு துளை. பழைய மூன்று துளை மவுண்டை அதில் மாட்ட இணைப்புத் தகடுகள் விற்கிறார்கள். எஞ்சினோடு நான்கு போல்ட், மறுபக்கம் மூன்று துளை. எஞ்சினை முன்னும் பின்னும் தள்ளி வைப்பதற்கேற்ற வெவ்வேறு அளவுகளில் அவை வருவதற்குக் காரணம் உண்டு. தகட்டை வாங்குவதற்கு முன்பே எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்த இடத்தை முடிவு செய்வதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாடு புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட், சாய்வாக ஓடும்போது சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகமாகவும் இரண்டு முறை மெதுவாகவும் கடத்துகிறது. முன் ஜாயின்ட் செய்த கோளாறைப் பின் ஜாயின்ட் நேர்செய்ய வேண்டுமென்றால், இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சின் உள்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் அது கிடைக்கும். ஒரு பாகைக்குள் இணையாக வைப்பதும், ஜாயின்ட் ஒவ்வொன்றும் 3 பாகையைத் தாண்டாமல் பார்ப்பதும் நல்ல வழக்கம். எஞ்சினைப் பின்பக்கம் 3 பாகை தாழ்த்தி வைப்பது பரவலான முறை. இதைத் தவறவிட்டால், மவுண்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிரும். பழி மவுண்ட் மேல் விழும்.

இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இரும்பை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

செய்யும் முறை

கடையில் உங்கள் வண்டிக்கும் எஞ்சினுக்கும் என்றே செய்த செட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்; அதில் வெட்கமில்லை. கிடைக்காதபோது, நடுவிலிருக்கும் ரப்பரை மட்டும் தொழிற்சாலை மவுண்டாக எடுத்துக்கொண்டு, இருபுறத் தாங்கிகளைச் செய்துகொள்வதுதான் என் பரிந்துரை. ஏறத்தாழ அதே எடையும் அதே சிலிண்டர் எண்ணிக்கையும் உள்ள ஒரு வண்டியின் மவுண்ட் ரப்பரைத் தேர்ந்தெடுங்கள். கடினமும் ஒட்டும் பாதுகாப்புக் கொக்கியும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவையாக வந்துவிடும். கிழிந்தால் நாளை எந்தக் கடையிலும் மாற்று வாங்கலாம்.

வண்டியை நான்கு தாங்கிகளின் மேல் மட்டமாக நிறுத்துங்கள். எடை குறைந்த வெற்று பிளாக் கிடைத்தால் அதையும் கியர்பாக்ஸின் காலிக் கூட்டையும் பயன்படுத்துவது எளிது. சங்கிலியில் தொங்கவிட்டு, கீழே ஜாக்கி கொடுத்து, கோணத்தையும் இடைவெளிகளையும் பார்த்துப் பார்த்து நிறுத்துங்கள். எஞ்சின் முறுக்கில் உருளும் என்பதால் எஞ்சினுக்கும் அதைச் சுற்றியுள்ள எதற்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். விசிறிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே கூட. சம்ப்பைக் கழற்ற முடிகிறதா, ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இந்தக் கட்டத்தில் இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை.

எஞ்சின் நிற்கும் இடம் முடிவானதும், பிளாக்கின் துளைக்கும் சேஸிஸுக்கும் நடுவிலிருக்கும் வெற்றிடம்தான் உங்கள் மவுண்டின் வடிவம். அட்டையில் அச்சு வெட்டிப் பாருங்கள். பிளாக்கோடு சேரும் பக்கத்துக்கு 6 மி.மீ. தகடு போதும், அதற்கு மேல் தடிமனைக் கூட்டுவதைவிட, மூலையில் ஒரு முக்கோணத் தாங்குதகடு வைப்பது அதிகப் பலன் தரும். வளைவது தகட்டின் நடு அல்ல, மூலைதான். சேஸிஸ் பக்கம், ஒரு சின்ன இடத்தில் பற்றவைக்காமல் அகலமான தகடு வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள். சும்மாடு இங்கேயும் உண்டு.

ரப்பர் இருக்கும்போது வெல்டிங் செய்யாதீர்கள். சூடு ஒட்டைக் கெடுத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ரப்பரின் அதே நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டை லேத்தில் கடைந்து அதன் இடத்தில் வைத்துச் செய்யுங்கள். எஞ்சினின் முழு எடையில் ரப்பர் அமுங்கும் 2, 3 மி.மீ. அளவை அந்தத் துண்டிலேயே குறைத்துவிடுங்கள். முதலில் சின்னச் சின்ன டேக் வெல்டிங் மட்டும். எஞ்சினை எடுத்து, மறுபடி வைத்து, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். ஒரு பக்கத் துளைகளை நீள்வட்டமாக விட்டால் கடைசியில் சில மில்லிமீட்டர் நகர்த்த இடமிருக்கும். தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் பொறித்த போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள்.

ரப்பர் மறைக்கும் ஒரு கோளாறு

ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் நெகட்டிவ் முனை சேஸிஸோடு இணைந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தடிமனான எர்த் பட்டை இல்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் அந்த வழியாகிச் சூடேறும். அழகாகச் செய்த மவுண்டுகளுக்குப் பிறகு வண்டி சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை, கிளட்ச் கேபிள் உறை உருகுகிறது என்று வந்தால், முதலில் இந்தப் பட்டையைத் தேடுங்கள்.

ரப்பருக்கு இரண்டு எதிரிகள்: சூடும் எண்ணெயும். புகைக்குழாய் பக்கத்தில் ஓடினால் நடுவே ஒரு தகடு மறைப்பு வையுங்கள். வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறிக் கூழாகும்.

எல்லாம் முடிந்து முதல் முறை ஓடவிடும்போது, போனட்டைத் திறந்து ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்க வேண்டாம். ஓட்டுபவர் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பிடிக்கட்டும், பிறகு ரிவர்ஸில் அதேபோல. எஞ்சின் ஒரு பக்கம் சற்று எழுந்து, ரிவர்ஸில் மறுபக்கம் சற்று எழுந்து, திரும்பத் தன் இடத்தில் அமர வேண்டும். இடிச் சத்தம் கேட்டால் எங்கோ இடைவெளி போதவில்லை. ஒரு பக்கம் எழுந்து சாய்ந்தபடியே நின்றுவிட்டால் ஒரு போல்ட் நழுவியிருக்கிறது அல்லது ஒட்டு விட்டிருக்கிறது. அன்றைக்கு வண்டி வெளியே போகக் கூடாது. சரியாக அமர்ந்தால் ஓட்டிப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் எல்லா மவுண்ட் போல்ட்டுகளையும் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். புது ரப்பர் அதற்குள் சற்றுப் படிந்திருக்கும்.